பழைய ஏடிஎஸ்எல் மொடெம், மேசைக் கொம்பியூட்டர்: டிஎஸ்எல் லைற் எரியுது, நெற் வரேல்லை

செம்மண் (கோண்டாவில்) கேட்டது:

வணக்கம். வீட்டிலை இருக்கிறது பழைய ரெலிபோன் லைன், அதிலைதான் ஏடிஎஸ்எல் நெற். போன மாரிக்கு மின்னலிலை மொடெம் எரிஞ்சு போச்சு. கொழும்பிலை ஃபைபருக்கு மாறின சொந்தக்காரர் தங்கட பழைய மொடெம் றவுட்டரைத் தந்திருக்கினம். நாலு லான் ஓட்டை, ஒரு ரெலிபோன் ஓட்டை, இரண்டு அன்ரெனா.

இப்ப நிலைமை: பவர் லைற் பச்சை. டிஎஸ்எல் லைற் ஒரு நிமிசம் மினுங்கிப்போட்டு நிண்டு எரியுது. இன்ரநெற் லைற் எரியவே இல்லை. சோதிச்சுப் பாக்கிறதுக்காக விண்டோஸ் 10 போட்ட மேசைக் கொம்பியூட்டரை விறாந்தைக்குக் கொண்டுவந்து லான் கேபிளாலை கொளுவியிருக்கிறன். அதிலை அடையாளம் தெரியாத நெற்வேர்க் எண்டு காட்டுது. பிரவுசரிலை 192.168.1.1 எண்டு அடிச்சால் ஒண்டும் திறக்குதில்லை. ஐபி முகவரியைப் பாத்தால் 169.254 எண்டு தொடங்குது.

இன்னும் இரண்டு விசயம். ரெலிபோனிலை ஆரும் கோல் எடுத்தால் டிஎஸ்எல் லைற்றும் விழுந்திடுது, போனிலை இரைச்சலும் கேக்குது. மற்றது, கொம்பியூட்டர் உண்மையிலை இருக்க வேண்டிய இடம் விறாந்தையிலை இருந்து இரண்டு அறை தள்ளி. இடையிலை பழைய சுண்ணாம்புக்கல் சுவர், ஒரு அடிக்கு மேலை தடிப்பு. அங்கை வைஃபை போகுமோ, வயர் இழுக்கிறதோ நல்லது? ரோட்டாலை ஃபைபர் போகுது. பேசாமல் அதுக்கே மாறிறதோ?

பூவரசு எழுதியது:

மூன்று அடையாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. டிஎஸ்எல் லைற் நிலையாக எரிகிறது என்றால் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியை உங்கட மொடெம் கண்டுபிடித்துவிட்டது, லைனில் உயிர் இருக்கு. இன்ரநெற் லைற் சிவப்பாகக்கூட எரியவில்லை என்றால் பெயரும் பாஸ்வேட்டும் கொடுத்து உள்ளே போக அது முயற்சியே செய்யவில்லை. 169.254 என்பது, கொம்பியூட்டர் ஐபி முகவரி கேட்டு ஒருவரும் பதில் சொல்லாதபோது விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் முகவரி. பெட்டி பழுதென்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம். கொழும்பு வீட்டில் இந்த மொடெமுக்குப் பின்னால் வேறொரு றவுட்டர் வைத்திருந்திருப்பார்கள். அப்படிச் செய்கிறவர்கள் மொடெமை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, உள்நுழையும் வேலையை மற்ற றவுட்டரிடம் விட்டுவிடுவார்கள்.

ரீசெற் செய்யுங்கோ. பவர் போட்டபடியே, பின்பக்கம் ரீசெற் என்று எழுதியிருக்கும் சின்ன ஓட்டைக்குள் பேப்பர் கிளிப்பை விட்டு 10 விநாடி அமத்திப் பிடியுங்கோ. எல்லா லைற்றும் ஒருமுறை அணைந்து எரிந்தபிறகு கையை எடுத்து, இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் விடுங்கோ. பவரை நிறுத்திப் போடுவது ரீசெற் ஆகாது, பழைய செற்றிங்ஸ் அப்படியே இருக்கும்.

பிறகு லான் கேபிளைக் கழற்றித் திரும்பக் கொளுவி, கொம்பியூட்டரில் கொமாண்ட் புரொம்ப்ரை (Command Prompt) திறந்து ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் 192.168 என்று தொடங்கும் முகவரி வரவேண்டும். அதற்குக் கீழே டிபோல்ட் கேற்வே என்று வரும் எண்தான் மொடெமின் வாசல். அநேகமான மொடெம்களில் 192.168.1.1, சிலதில் 192.168.0.1. அப்பவும் 169.254 தான் என்றால் வேறு லான் ஓட்டை, வேறு கேபிள். அதுவும் சரிவராவிட்டால் கொம்பியூட்டரின் ஈதர்நெற் செற்றிங்ஸில் ஐபி முகவரி தானாகப் பெறும்படி இருக்கிறதா என்று பாருங்கோ. சில மொடெம்களில் ரீசெற் பொத்தானே வேலை செய்யாது. அப்படியானால் கொம்பியூட்டருக்குக் கையால் 192.168.1.10, சப்நெற் மாஸ்க் 255.255.255.0 என்று போட்டு 192.168.1.1ஐத் திறந்து பாருங்கோ. வேலை முடிய மறக்காமல் தானாகப் பெறும்படி திருப்பிவிட வேணும்.

மொடெமின் பக்கம் திறந்ததும் அது கேட்கும் பெயரும் பாஸ்வேட்டும் பெட்டியின் அடியில் ஸ்ரிக்கரில் இருக்கும். உள்ளே போய் வான் (WAN) அல்லது இன்ரநெற் என்ற இடத்தில் இணைப்பு வகை பிபிபிஓஇ (PPPoE, பெயரும் பாஸ்வேட்டும் கொடுத்து உள்நுழையும் முறை), என்கப்சுலேசன் எல்எல்சி (LLC), எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் பாதையின் எண்களான விபிஐ (VPI) 8, விசிஐ (VCI) 35 என்று போடுங்கோ. ஸ்ரீ லங்கா ரெலிக்கொம்மின் ஏடிஎஸ்எல் லைனுக்கு இதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவந்த மொடெம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேணும். பிஎஸ்என்எல் விபிஐ 0, விசிஐ 35 பாவிக்கிறது. அந்த எண்களை விட்டால் டிஎஸ்எல் லைற் எரியும், நெற் மட்டும் ஒருநாளும் வராது. எம்ரியூ (MTU, ஒரு பொதியில் போகும் உச்ச அளவு) 1492 பைற். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைற் எடுப்பதால் 1500 என்று விட்டால் சில இணையத்தளங்கள் திறக்கும், சிலது பாதியில் நிற்கும்.

இதில் கேட்கும் பயனர் பெயரும் பாஸ்வேட்டும் இணைப்பு எடுத்தபோது கொடுத்தவை. வைஃபை பாஸ்வேட்டோ, பெட்டிக்கு அடியில் உள்ள பாஸ்வேட்டோ இங்கே செல்லாது. தொலைத்துவிட்டால் ஸ்ரீ லங்கா ரெலிக்கொம்மின் 1212க்கு எடுத்துக் கேளுங்கோ.

கோல் வர லைற் விழுவது வேறு கதை. அது வயர் வேலை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது.

செம்மண் எழுதியது:

சரியாய்ச் சொன்னீங்கள். ரீசெற் செய்தவுடனை 192.168.1.3 கிடைச்சுது, பக்கமும் திறந்தது. உள்ளுக்கை பிரிட்ஜ் எண்டுதான் இருந்திருக்க வேணும், இப்ப பிபிபிஓஇ போட்டு 8, 35 குடுத்திட்டன். இன்ரநெற் லைற் இப்ப சிவப்பு. லொக்கிலை ஓதென்ரிகேசன் ஃபெயில் எண்டு வருது.

ஸ்ரேற்றஸ் பக்கத்திலை இருக்கிறதையும் எழுதுறன்: டவுன்ஸ்ட்ரீம் வேகம் 3,100 கேபிபிஎஸ், எஸ்என்ஆர் மார்ஜின் 6.1 டிபி, அற்றெனுவேசன் 37 டிபி. சிஆர்சி பிழை எண்டு ஒரு எண் ஒவ்வொரு நிமிசமும் கூடிக்கொண்டு போகுது.

பூவரசு எழுதியது:

சிவப்பு வந்தது முன்னேற்றம். கதவுக்குக் கிட்ட வந்திட்டீங்கள், திறப்புத்தான் பிழை. பயனர் பெயரில் @ குறியும் அதற்குப் பின்னால் வரும் பகுதியும் சேர்த்து முழுதாக அடிக்க வேணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாஸ்வேட்டில் வேறு வேறு. போனில் வந்த குறுஞ்செய்தியில் இருந்து ஒட்டியிருந்தால் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாது. அழித்துவிட்டுக் கையால் அடியுங்கோ. எல்லாம் சரியாக இருந்தும் ஏற்காவிட்டால் மொடெமை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கோ. கறண்ட் திடீரென்று போன நேரங்களில் பழைய இணைப்பு அந்தப் பக்கத்தில் மூடுபடாமல் கிடக்கும், அது கிடக்கும் வரை இரண்டாவது நுழைவை விடாது.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை: அட்மின் பாஸ்வேட்டை மாற்றுங்கோ, தொலைவில் இருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்துங்கோ, டிஎன்எஸ் (இணையத்தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) இடத்தில் தெரியாத எண் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கோ. பழைய ஏடிஎஸ்எல் றவுட்டர்களில் வெளியாள் புகுந்து டிஎன்எஸ்ஸை மாற்றிவிடுவது நடந்திருக்கிறது. வங்கியின் முகவரியை அடித்தால் வேறொரு பொய்ப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். ரீசெற் செய்ததால் இப்ப துப்புரவாகத்தான் இருக்கும், ஆனாலும் பழைய பாஸ்வேட்டோடு விட்டால் திரும்ப வரும்.

செப்புக்கம்பி எழுதியது:

உங்கட எண்கள் நிறையச் சொல்லுது. அற்றெனுவேசன் எண்டது சிக்னல் வாற வழியிலை எவ்வளவு தேயுது எண்ட கணக்கு. சாதாரண ரெலிபோன் கம்பியிலை ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 13.8 டிபி தேயும். 37 எண்டால் எக்ஸ்சேஞ்சிலை இருந்து கம்பி ஓடி வாற தூரம் இரண்டே முக்கால் கிலோமீற்றர் மட்டிலை. அந்தத் தூரத்துக்கு ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸிலை எட்டு மெகாபிற்றுக்குக் குறையாமல் வரவேணும். உங்களுக்கு வாறது மூன்று.

பக்கேஜ் வேகம் அவ்வளவுதானோ எண்டு யோசிப்பீங்கள். அப்பிடியெண்டால் மார்ஜின், அதாவது லைன் அறாமல் நிக்கத் தேவையானதை விட மிச்சமாய் இருக்கிற சிக்னல், 6இலை நிக்காது, பன்னிரண்டு பதினைஞ்சு எண்டு உயரத்திலை நிக்கும். மார்ஜின் ஆறுக்கு இறங்கி வாற மட்டும் மொடெம் வேகத்தைக் கூட்டிப் பாத்திருக்கு, மூன்றோடை மூச்சு முடிஞ்சு போச்சு. சிஆர்சி பிழையும், அதாவது வழியிலை கெட்டுப்போய் வாற தரவின்ரை எண்ணிக்கையும், கூடுது. ஆகவே லைனுக்குள்ளை இரைச்சல் புகுது. நீங்கள் போனிலை காதாலை கேக்கிற இரைச்சலும், கோல் எடுக்க லைற் விழுறதும் அதையே சொல்லுது.

முதலிலை ஸ்பிளிற்றரைப் பாருங்கோ, ஒரே லைனிலை வாற போனையும் நெற்றையும் பிரிக்கிற சின்னப் பெட்டி அது. அதிலை மூண்டு ஓட்டை இருக்கும்: லைன், போன், மொடெம். சுவரிலை இருந்து வாற வயர் லைனுக்கு, மற்ற இரண்டும் பேரைப் போல. குரல் 4 கிலோஹேட்ஸுக்குக் கீழை போகும், ஏடிஎஸ்எல் 25 கிலோஹேட்ஸுக்கு மேலை, 2.2 மெகாஹேட்ஸ் வரைக்கும். போன் ஓட்டைக்கு உள்ளுக்கை இருக்கிற ஃபில்ற்றர் மேலை போறதை வெட்டிவிடும். ஃபில்ற்றர் இல்லாமல் ஒரு போன் லைனிலை இருந்தால் றிசீவரைத் தூக்கின உடனை அது ஏடிஎஸ்எல் சிக்னலையும் தன் பக்கம் இழுக்கும். லைற் விழுறது அதாலைதான்.

உங்கட வீட்டிலை ஸ்பிளிற்றர் இருந்தும் விழுதெண்டால், வேறை ஒரு அறைக்கு எக்ஸ்டென்சன் போயிருக்கோ எண்டு தேடுங்கோ. சாமி அறையிலையோ குசினியிலையோ பழைய போன் ஒண்டு தூங்கும், அல்லது போனே இல்லாமல் வெறும் வயர் கூரைக்கு மேலாலை ஓடி நிக்கும். வெறும் வயர்தானே எண்டு விட வேண்டாம். நுனி திறந்து கிடக்கிற வயருக்குள்ளை போன சிக்னல் நுனியிலை மோதித் திரும்பி வந்து நல்ல சிக்னலோடை சண்டை பிடிக்கும். அந்தக் கிளை வேகத்தைத் தின்னும்.

இதைப் பிரிச்சறிய ஒரு சோதனை. வெளி வயர் வீட்டுக்குள்ளை வந்து இறங்கிற முதல் ரோசெட் பெட்டிக்குப் போங்கோ. அதிலை இருந்து வீட்டுக்குள்ளை போற மற்ற வயர் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, மொடெமை மட்டும் சின்ன வயராலை நேரே கொளுவி, ஸ்ரேற்றஸ் பக்கத்தைப் பாருங்கோ. வேகம் ஏறினால் குற்றம் வீட்டுக்குள்ளை. ஏறாட்டில் வெளியிலை. அந்தக் கம்பியிலை 48 வோல்ட் எப்பவும் நிக்கும், கோல் வரேக்கை 75 வோல்ட்டுக்கு மேலை துடிக்கும். ஈரக் கையோடை தொட வேண்டாம்.

காதாலை பாக்கிற சோதனையும் இருக்கு. மொடெமைக் கழட்டிப்போட்டு ஒரு போனை மட்டும் ரோசெட்டிலை போட்டு, ஏதாவது ஒரு எண்ணை அமத்துங்கோ. டயல் ரோன் நிண்டிடும், அந்த அமைதியிலை கேளுங்கோ. கரகரப்பு இருந்தால் எங்கையோ இணைப்பு அரிச்சுப் போச்சு. மழை பெய்ஞ்ச அடுத்த நாள் கூடினால் வெளியிலை தண்ணி ஊறுற இணைப்பு. குருநகர், பருத்தித்துறை, காரைநகர் எண்டு கடற்கரைப் பக்கம் இருக்கிறவைக்கு ரோசெட்டுக்குள்ளையே உப்புக் காத்துப் பட்டுச் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். திருகாணியைக் கழட்டி, கம்பி நுனியை ஒரு சென்ரிமீற்றர் வெட்டிப் புதுசாய்ச் சீவிப் பூட்டினால் சரி. துணியாலை துடைச்சால் காணாது. முறுக்கி ரேப் சுத்தின இணைப்பு ஏதும் கண்டால் அதை வெட்டி எறிஞ்சுபோட்டு ஜெல் நிரப்பின இணைப்பி போடுங்கோ. வெளியிலை போஸ்ற்றிலை இருந்து வாற வயர் பனை மட்டையிலையோ வேப்பங் கொப்பிலையோ உரஞ்சுதெண்டால் கொப்பை வெட்டலாம், வயரிலை கை வைக்க வேண்டாம். அது கொம்பனியின்ரை சொத்து, முறைப்பாடு குடுத்தால் அவைதான் வரவேணும்.

மற்றது, ஸ்பிளிற்றரிலை இருந்து மொடெமுக்குப் போற தட்டை வயரை இரண்டு மீற்றருக்கு மேலை விடாதேங்கோ. அதுக்குள்ளை கம்பி முறுக்கில்லை, பக்கத்திலை போற கறண்ட் வயரின்ரை இரைச்சலை எல்லாம் வாங்கும். மொடெம் ரோசெட்டுக்குக் கிட்ட இருக்கட்டும், தூரத்தை லான் கேபிளாலை கடவுங்கோ.

வேலியோரம் எழுதியது:

அந்தக் கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன். ஓரடிக்கு மேல் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் இரண்டைத் தாண்டி மேசைக் கொம்பியூட்டருக்கு வைஃபை கொடுக்க மினக்கெட வேண்டாம். ஒருமுறை கேபிள் இழுத்தால் அந்தத் தலையிடி முடிந்தது. லான் கேபிள் 100 மீற்றர் வரை போகும், உங்களுக்கு 15 மீற்றரும் வராது.

கடையில் கற் 5ஈ கேபிள் கேளுங்கோ, முழுச் செம்பு. விலை குறைந்ததில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியிருப்பார்கள். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். அது இரண்டு முறை வளைத்தால் முறியும், நுனியில் பூட்டும் ஆர்ஜே45 கிளிப்பின் பல்லுக்குள்ளும் இறுகிப் பிடிக்காது. வெளிச்சுவரால் கொண்டுபோவதென்றால் அரை அங்குலப் பிவிசி குழாய்க்குள் விடுங்கோ. வெயில் சாதாரண கேபிளின் தோலை இரண்டு மூன்று வருடத்தில் வெடிக்க வைக்கும், கூரைக்குள் விட்டால் எலி இருக்கு. சுவரில் துளை போடும்போது உள்பக்கம் உயரமாகவும் வெளிப்பக்கம் தாழவும் சரித்துப் போடுங்கோ, மழைத் தண்ணி கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராது. வெளியே துளைக்குக் கீழே கேபிள் ஒரு தொங்கல் விட்டுத்தான் மேலே ஏற வேணும். கிளிப் போட முதல் கேபிளை இழுங்கோ, கிளிப்போடு துளை பெரிதாக வேணும்.

கிளிப் அடிக்கும் வரிசை: கொக்கி கீழே, பொன் பற்கள் மேலே பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். இரண்டு நுனியும் இதே வரிசை. அதிகம் பிழைக்கும் இடம் பச்சைச் சோடி. அது நீலச் சோடியை நடுவில் விட்டு மூன்றாவதும் ஆறாவதுமாகப் பிரிந்து நிற்கும். பார்வைக்கு வடிவாக இருக்கட்டும் என்று நிறம் நிறமாகச் சோடி சேர்த்து அடித்தால் ரெஸ்ரரில் எல்லா லைற்றும் எரியும், கொம்பியூட்டரில் போட்டால் இணைப்பு விட்டு விட்டு வரும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். கேபிளின் வெளித்தோல் கிளிப்புக்குள் போய் அமத்துப்பட வேணும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கழன்று வரும். சுவரில் கறண்ட் வயரோடு ஒன்றாகக் கட்டாமல் ஒரு அடி தள்ளிக் கொண்டுபோங்கோ.

போன்களுக்கு வைஃபை வேண்டும் என்றால் அதே கேபிளின் மறு நுனியில் இரண்டாவது றவுட்டர் ஒன்றை வைக்கலாம். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை நிறுத்தி, லான் ஓட்டையில் இருந்து லான் ஓட்டைக்குக் கொளுவுங்கோ. நிறுத்தாமல் விட்டால் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்கி, வீட்டில் ஒரு போனுக்கு நெற் இருக்கும், மற்றதுக்கு இருக்காது. 2.4 கிகாஹேட்ஸில் ஒன்று சனல் 1, மற்றது 11 என்று கையால் போடுங்கோ. பாதுகாப்பு டபிள்யூபிஏ2, ஏஈஎஸ். பாஸ்வேட் அடிக்காமல் பொத்தானை அமத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் நிறுத்தி இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ரெலிபோன் வயரின் சின்ன முனை லான் ஓட்டைக்குள்ளும் போகும். நான்கு லான் ஓட்டைக்குப் பக்கத்தில் டிஎஸ்எல் ஓட்டை இருக்கும் பெட்டிகளில் இருட்டில் தடவிக் கொளுவ வேண்டாம். கோல் வரும் நேரம் அந்த வோல்ட் லான் சிப்பை எரிக்கக்கூடும்.

பனங்கூடல் எழுதியது:

முதல் மொடெம் எரிஞ்ச காரணத்தை ஒருதரும் தொடேல்லை. இதுக்கும் அதுதான் நடக்கும், அதாலை எழுதுறன்.

எங்கட பக்கம் இடி மின்னல் கூட உள்ள காலம் பங்குனி சித்திரையும், ஐப்பசி கார்த்திகையும். பின்னேரத்திலைதான் கூட. மின்னல் வீட்டிலை விழ வேண்டிய தேவையில்லை. ரெலிபோன் கம்பி கிலோமீற்றர் கணக்கிலை போஸ்ற் வழிய ஓடி வருது, கிட்டடியிலை எங்கை விழுந்தாலும் கம்பியிலை வோல்ட் ஏறும். அது மொடெமுக்குள்ளாலை புகுந்து, பவர் அடப்ரர் வழியாய் அல்லது லான் கேபிள் வழியாய்க் கொம்பியூட்டருக்குள்ளாலை நிலத்துக்குப் போகப் பாக்கும். அதாலைதான் சில வீட்டிலை மொடெமோடை மதர்போர்ட்டும் போறது. கறண்ட் பிளக்கை மட்டும் கழட்டிப்போட்டு நிம்மதியாய் இருக்கிறவை கன பேர். ரெலிபோன் வயரைத்தான் முதலிலை கழட்ட வேணும், பிறகு பவர், பிறகு கொம்பியூட்டருக்குப் போற லான். இடி தொடங்க முதல் செய்யுங்கோ. தொடங்கினாப் பிறகு கம்பிக்குக் கிட்டவும் போக வேண்டாம்.

ரெலிபோன் ஓட்டையும் உள்ள சேர்ஜ் புரொட்டெக்ரர் கடைகளிலை இருக்கு. வாங்கலாம். ஆனால் அது மேலதிக வோல்ட்டை எர்த்துக்குத்தான் தள்ளும். எர்த் கம்பி அறுந்த வீட்டிலையும், இரண்டு ஊசி மாற்றுப் பிளக்கிலை போட்ட இடத்திலையும் அது வெறும் பெட்டி. எலக்ரீசியனைக் கொண்டு எர்த்தை அளந்து பாருங்கோ.

வெளிநாட்டிலை இருந்து மொடெம் அனுப்பிறவைக்கும் ஒரு சொல். கனடாவிலை இருந்து வாற பழைய அடப்ரர் சிலதிலை 120 வோல்ட் எண்டு மட்டும் எழுதியிருக்கும். எங்கட 230இலை போட்ட உடனை புகையும். 100 தொடக்கம் 240 எண்டு இருந்தால் பிரச்சினை இல்லை. ஜேர்மனியிலை இருந்து வாற ஏடிஎஸ்எல் மொடெம் அநேகமாய் அனெக்ஸ் பி வகை, அங்கை ஐஎஸ்டிஎன் லைனுக்கு எண்டு செய்தது. எங்கட லைன் அனெக்ஸ் ஏ. அனெக்ஸ் பி மட்டும் உள்ளதிலை என்ன செற்றிங் மாத்தினாலும் டிஎஸ்எல் லைற் மினுங்கிக்கொண்டே நிக்கும். காசு குடுத்து அனுப்ப வேண்டாம்.

ஒளிக்கீற்று எழுதியது:

ஃபைபருக்கு மாறுவதா என்ற கேள்விக்கு என் பதில்: ரோட்டால் போகிறதென்றால் மாறுங்கோ. மின்னலைக் கடத்தாது, உப்புக் காற்றில் பச்சை பூக்காது, எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. பவர் அடப்ரர் வழியாக மின்னல் வர வழி இருக்கிறது, ஆகவே இடிக்கு அதைக் கழற்றும் பழக்கம் தொடரட்டும்.

ஆனால் மூன்று விசயம் தெரிந்துகொண்டு மாறுங்கோ. முதலாவது, வயதானவர்கள் தனியே இருக்கும் வீடு என்றால் இதுதான் பெரிசு: செப்புக் கம்பியில் கறண்ட் போனாலும் சாதாரண வயர் போன் வேலை செய்யும், அதற்கான 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்து வருகிறது. ஃபைபரில் போன், மொடெமுக்குப் பதிலாக வரும் ஓஎன்ரி (ONT) பெட்டியில் கொளுவப்படும். கறண்ட் போனால் பெட்டி நிற்கும், பெட்டி நின்றால் போனும் நிற்கும். கறண்ட் போனால் பெட்டியைப் பற்றறியில் ஓட்டும் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வேணும்.

இரண்டாவது, ஏடிஎஸ்எல்லில் ரீசெற் செய்தது போல ஓஎன்ரியில் செய்ய வேண்டாம். அதற்குள் கொம்பனி போட்ட விலான், பிபிபிஓஇ, ரெலிபோன் செற்றிங்ஸ் எல்லாம் இருக்கும். ரீசெற் அவற்றையும் அழித்தால் ஆள் வந்துதான் திரும்பப் போடவேண்டி வரும். நெற் இல்லாவிட்டால் லைற்றைப் பாருங்கோ. எல்ஓஎஸ் (LOS) லைற் சிவப்பு என்றால் வெளிச்சமே வரவில்லை, வெளியில் கேபிள் அறுந்திருக்கு அல்லது உள்ளே முறிந்திருக்கு. பிஓஎன் (PON) லைற் மினுங்கிக்கொண்டே நின்றால் வெளிச்சம் வருகிறது, பதிவாகவில்லை. இரண்டுக்கும் அழைக்க வேண்டியதுதான். இரண்டும் சரி, இன்ரநெற் மட்டும் இல்லை என்றால்தான் செற்றிங்ஸ் பக்கம் போக வேணும்.

மூன்றாவது, பெட்டி எங்கே வருமென்று ஆட்கள் வர முதலே தீர்மானியுங்கோ. பச்சை முனை உள்ள அந்த மெல்லிய வயரை 3 சென்ரிமீற்றரை விட இறுக்கி வளைக்கக் கூடாது, கதவிடுக்கில் விடக் கூடாது, அலுமாரியைத் தள்ளி நெரிக்கக் கூடாது. பெட்டியின் ஒப்ரிக்கல் ஸ்ரேற்றஸ் பக்கத்தில் வரும் ஒளியின் அளவு தெரியும். மைனஸ் 18 தொடக்கம் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியை அளக்கும் அலகு) நல்லது. மைனஸ் 27 தான் எல்லை. பூட்டிய அன்று அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கோ. பிறகு ஒருநாள் நெற் விட்டு விட்டு வந்தால் பழைய எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டலாம், வேலையாளும் வீண் கதை கதைக்க மாட்டார். வயரைக் கழற்றி முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத நிறம், எரிகிறதா என்று அறிய முடியாது.

நீங்கள் இப்ப இழுக்கும் லான் கேபிள் வீண் போகாது. ஓஎன்ரியை விறாந்தையில் வைத்து அதே கேபிளைக் கொளுவலாம்.

செம்மண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாஸ்வேட்டுக்குப் பின்னாலை வெற்றிடம்தான். கையாலை அடிக்க உடனை இன்ரநெற் லைற் பச்சைக்கு வந்தது.

ரோசெட்டிலை எக்ஸ்டென்சன் வயர் ஒண்டு பூட்டியிருந்தது, பழைய குசினிக்குப் போய் நுனி திறந்து கிடந்தது, ஸ்பிளிற்றருக்கு முதலே பிரிஞ்சிருக்கு. கழட்டிப்போட்டுப் பாத்தால் 8,400 கேபிபிஎஸ், மார்ஜின் 6.4. கோல் எடுத்தாலும் விழுதில்லை. சிஆர்சி இப்பவும் மெல்ல ஏறுது, போனிலை கரகரப்பும் கொஞ்சம் இருக்கு.

ஃபைபருக்கு எழுதிக் குடுக்கப் போறன், அது வாற மட்டும் இது ஓடட்டும். யூபிஎஸ் பற்றி ஒரு கேள்வி. மொடெம் அடப்ரரிலை 12 வோல்ட் 1 அம்பியர் எண்டு இருக்கு. கடையிலை 10,400 எம்ஏஎச் எண்டு ஒண்டு வைச்சிருக்கினம். பத்து மணித்தியாலம் வரும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

பனங்கூடல் எழுதியது:

வராது. அந்த 10,400 பற்றறியின்ரை 3.7 வோல்ட்டிலை எடுத்த கணக்கு. பெருக்கினால் 38 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு ஏத்திறதிலை ஆறிலை ஒரு பங்கு போனால் 32 மிஞ்சும். மொடெம் 12 வாட் வரைக்கும் கேக்கலாம், சாதாரணமாய் 8, 9 வாட் இழுக்கும். மூண்டரை மணித்தியாலம் எண்டு வையுங்கோ, பற்றறி பழசாகக் குறையும். அது காணுமெண்டால் வாங்குங்கோ.

வாங்க முதல் மொடெமின்ரை அடப்ரரைக் கையோடை கொண்டுபோங்கோ. முனையின்ரை வெளி விட்டம் அநேகமானதிலை 5.5 மில்லிமீற்றர், உள் ஊசிக்கு 2.1, 2.5 எண்டு இரண்டு அளவு இருக்கு. 2.5 ஓட்டை உள்ள முனையை 2.1 ஊசியிலை போட்டால் உள்ளுக்கை போகும், ஆனால் தளர்ந்து நிக்கும். தட்டுப்பட்ட நேரமெல்லாம் மொடெம் நிண்டு திரும்ப ஓடும், நீங்கள் லைன் பிழை எண்டு தேடுவீங்கள். அடப்ரரிலை இருக்கிற வட்டப் படத்திலை நடுப் புள்ளி பிளஸ் எண்டு காட்டுதோ எண்டும் பாத்து, யூபிஎஸ்ஸிலையும் அதே படம் இருக்க வேணும்.

செப்புக்கம்பி எழுதியது:

மிச்சக் கரகரப்புக்கு ரோசெட்டிலை வெளி வயர் வந்து பூட்டிற இரண்டு திருகாணியையும் கழட்டி நுனியை வெட்டிப் பூட்டுங்கோ. அப்பவும் சிஆர்சி ஏறினால் வெளியிலைதான். 1212க்கு எடுத்து நெற் ஸ்லோ எண்டு சொல்ல வேண்டாம், போனிலை இரைச்சல் எண்டு சொல்லுங்கோ. நெற் ஸ்லோ எண்டால் மொடெமை நிறுத்திப் போடச் சொல்லுவினம். போனிலை இரைச்சல் எண்டால் லைன்காரர் வந்து கம்பியை அளப்பார்.